பீரோவில் ஒரு கேமரா தூங்குகிறது

இந்த செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்க. பீரோவின் நடுத்தட்டில், எல்ஐசி பத்திரமும் பழைய கல்யாணப் பத்திரிகைகளும் அடுக்கியிருக்கும் இடத்தில், கையை விட்டுத் துழாவிப் பாருங்க. கறுப்பு நிறத்தில் ஒரு சின்ன ஜிப் பை தட்டுப்பட நிறையவே வாய்ப்பு இருக்கிறது. உள்ளே ஒரு டிஜிட்டல் கேமரா இருக்கும். 2006-க்கும் 2012-க்கும் நடுவில் அப்பாவோ, துபாயிலிருந்து வந்த மாமாவோ வாங்கியது. உங்க எல்கேஜி ஆண்டுவிழா, சித்தி கல்யாணம், ஊட்டி டூர் எல்லாம் அதில்தான் எடுத்திருப்பார்கள். அப்புறம் வீட்டுக்கு ஒரு நல்ல போன் வந்தது, கேமரா பீரோவுக்குள் போனது.

இப்போ அதே கேமராவை இன்ஸ்டாகிராமில் 'விண்டேஜ் டிஜிகேம்' என்று புதுப் பெயர் வைத்து விற்கிறார்கள். நாம் நர்சரி போன காலத்தில் செய்த பொருளுக்கு விண்டேஜ் என்று பெயர். கேட்டால் நமக்கே வயசான மாதிரி இருக்கிறது. ஜப்பானியக் கேமரா கம்பெனிகளின் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி 2010-ல் உலகம் முழுக்க அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கும் மேல். 2023-ல் அது 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. நடுவில் நடந்தது என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது உங்க பாக்கெட்டில்தான் இருக்கிறது. சட்டைப்பையில் அடங்கும் சின்ன கேமராக்கள்தான் அதில் அதிகம் அடிபட்டவை. ஆனால் நம்ம டிபார்ட்மெண்ட்டிலேயே இந்த மாதம் மூன்று பேர் என்னிடம் வந்து, "டிஜிகேம் ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று பேருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

என் பதில் இதுதான். வீட்டில் இருந்தால் எடுத்து வந்து தினமும் பையில் வைத்திருங்க. இல்லையென்றால், 'சிசிடி லுக்' என்ற வார்த்தைக்காக மட்டும் மெஸ் பில்லைக் கொடுத்து ஒன்றை வாங்காதீங்க. ஏன் எடுத்து வரணும், ஏன் வாங்கக் கூடாது என்ற இரண்டு கேள்விக்கும் பதில், கேமராவை எதை வைத்து எடை போடுகிறோம் என்பதில் இருக்கிறது.

பேச்சு காற்றில் போகாமல் இருக்க ஒரு கேமராவைக் கையில் எடுத்துக்கொள்வோம். கேனன் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். 2007-ல் வந்தது. இந்த ஏ வரிசைக் கேமராக்கள் அந்த நாட்களில் நம்ம ஊர் வீடுகளில் சர்வசாதாரணம். 7.1 மெகாபிக்ஸல், 4 மடங்கு ஆப்டிகல் ஜூம், கை நடுக்கத்தைச் சமாளிக்க லென்ஸுக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன், கண்ணை வைத்துப் பார்க்க ஒரு குட்டி வியூஃபைண்டர், பின்பக்கம் 2.5 இன்ச் திரை, இரண்டு பென்சில் செல். இது போக, டயலைத் திருப்பினால் ஷட்டர் வேகம், அபெர்ச்சர் இரண்டையும் நாமே வைக்கிற மேனுவல் மோடும் இருக்கிறது. உங்க வீட்டில் இருப்பது நிக்கானோ சோனியோ ஒலிம்பஸோ ஆக இருக்கலாம். நான் சொல்வதில் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும்.

"7 மெகாபிக்ஸல்தானா? என் போன்லயே 50 இருக்கே!" என்பதுதான் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி. இன்ஜினியரிங் படிக்கிறோம், ஒரு கணக்கு போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்டூடியோவில் போடுகிற 4-க்கு 6 இன்ச் பிரிண்டுக்கு இன்ச்சுக்கு 300 புள்ளி வேண்டும் என்று வைத்தால் 1200-க்கு 1800, அதாவது 2 மெகாபிக்ஸல் கொஞ்சம் தாண்டினால் போதும். ஏ570 படத்தின் நீளப் பக்கம் 3072 புள்ளி. முழு ஏ4 தாளில் பிரிண்ட் போட்டால்கூட இன்ச்சுக்கு 260-க்கு மேல் வருகிறது. கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இன்ஸ்டாகிராமுக்கு இதெல்லாம் அதிகப்படி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. இதை ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸில் டிஃப்ராக்ஷன் பாடத்தில் படித்துவிட்டு எக்ஸாம் முடிந்ததும் மறந்திருப்போம். எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் ஒரு ஒளிப்புள்ளியைப் புள்ளியாகவே விழ வைக்க முடியாது. ஒரு சின்ன வட்டமாகத்தான் விழும். அதற்குப் பெயர் ஏரி வட்டு (நம்ம ஊர் ஏரி இல்லை, ஜார்ஜ் ஏரி என்ற வானியலாளரின் பெயர்). அதன் விட்டம் தோராயமாக 2.44 பெருக்கல் ஒளியின் அலைநீளம் பெருக்கல் எஃப் எண். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் போடுங்க. ஏ570-ல் முழு ஜூமில் எஃப் 5.5. விடை 7 மைக்ரானுக்கு மேல். அந்த சென்சாரின் அகலம் 5.76 மிமீ, அதை 3072 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 2 மைக்ரானுக்கும் கீழே. அதாவது ஒரு ஒளிப்புள்ளி ஏற்கெனவே நாலு பிக்ஸல் அகலத்துக்குப் பரவிக் கிடக்கிறது. இதே அளவு சென்சாரில் 16, 20 மெகாபிக்ஸல் என்று பிற்பாடு திணித்தார்கள். டப்பா மேல் பெரிய எண் வந்தது, படத்தில் பெரிதாக ஒன்றும் வரவில்லை.

அதனால் பார்க்க வேண்டியது சென்சார் அளவு. இந்த அளவுகளுக்கு வைத்திருக்கிற பெயர் இருக்கிறதே, அது தனிக் கொடுமை. '1 இன்ச் சென்சார்' என்பார்கள், ஸ்கேலை வைத்து அளந்தால் 13.2-க்கு 8.8 மிமீ. எந்தப் பக்கமும் ஒரு இன்ச் கிடையாது. பழைய டிவி கேமரா குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து வந்த பழக்கம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏ570-ல் இருப்பது 1/2.5 இன்ச் வகை. 2010-ல் வந்த கேனன் எஸ்95-ல் 1/1.7 இன்ச், எஃப் 2.0-ல் தொடங்கும் லென்ஸ். 2012-ல் வந்த சோனி ஆர்எக்ஸ்100-ல் மேலே சொன்ன 1 இன்ச், எஃப் 1.8. பரப்பளவில் ஆர்எக்ஸ்100-ன் சென்சார் ஏ570-ஐப் போல நாலரை மடங்குக்கு மேல். உண்மையாகவே ஒரு கேமரா வாங்கத்தான் வேண்டும், காசும் இருக்கிறது என்பவர்கள் இந்தக் கடைசி இரண்டின் பக்கம் பார்க்கலாம். மற்றவர்கள் என்னோடு பீரோ பக்கமே இருங்க.

இப்போ போன் ரசிகர்களுக்கு நியாயம் செய்துவிடுவோம். இருட்டில் போன் ஜெயிக்கும். சந்தேகமே வேண்டாம். இன்றைய நடுத்தர விலை போன்களில் பலவற்றின் முக்கிய சென்சார் ஏ570-ன் சென்சாரைவிடப் பெரியது. அதற்கு மேல் அது ஒரு படம் எடுப்பதில்லை. பட்டனைத் தொடுவதற்கு முன்னும் பின்னுமாகப் பல ஃப்ரேம்களை எடுத்து, ஒன்றன் மேல் ஒன்று வைத்துக் கூட்டி, நாய்ஸைக் குறைத்து, வானத்தையும் முகத்தையும் தனித்தனியாகச் சரிசெய்து ஒரு படமாகத் தருகிறது. ஹாஸ்டல் ரூமில் ஒரே ஒரு டியூப்லைட் வெளிச்சத்தில் ஏ570-க்கு ஐஎஸ்ஓ 400 வைத்தாலும் ஷட்டர் 1/30 நொடி பக்கம்தான் நிற்கும். ஸ்டெபிலைசேஷன் நம்ம கை நடுக்கத்தைத்தான் பார்த்துக்கொள்ளும். எதிரில் இருப்பவன் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினால் அதற்கு அது பொறுப்பில்லை. ஐஎஸ்ஓ 800 தாண்டினால் படம் ரவையை வாரி இறைத்த மாதிரி இருக்கும். வீடியோ 640-க்கு 480. பின்திரையை வெயிலில் பார்த்தால் நம்ம முகம்தான் தெரியும். அர்ஜெண்டாக அசைன்மெண்ட்டைப் படமெடுத்து குரூப்பில் போடுவதற்கு இதைத் தூக்கிக்கொண்டு அலையச் சொன்னால் என்னை அடிப்பீங்க.

இவ்வளவு இருந்தும் ஏன் எடுத்து வரச் சொல்கிறேன்? 'சிசிடி மேஜிக்' என்று மட்டும் நினைத்துவிடாதீங்க. அந்தப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். சிசிடி என்பது 1969-ல் பெல் ஆய்வகத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் உருவாக்கியது. 2009-ல் இயற்பியல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. சிசிடி, சிமோஸ் இரண்டுமே சிலிக்கான்தான். ஒளியை வாங்கி எலெக்ட்ரானாக மாற்றுவது வரை இரண்டும் ஒரே வேலை. சேர்ந்த சார்ஜை எப்படி வெளியே எடுத்து அளக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். சிசிடியில் வாளி வாளியாகப் பக்கத்துக்குப் பக்கம் கைமாற்றி ஓரத்துக்குக் கொண்டுவந்து அளப்பார்கள், தண்ணி லாரியில் தெரு ஜனம் வரிசையாக நின்று குடம் மாற்றுகிற மாதிரி. சிமோஸில் ஒவ்வொரு பிக்ஸலிலும் அதற்கென்று ஒரு குட்டி ஆம்ப்ளிஃபையர். நிறம் இதில் எங்கேயும் வரவில்லை. நிறம் வருவது சென்சாருக்கு மேல் ஒட்டியிருக்கும் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டரிலிருந்தும், கேமராவுக்குள் இருக்கும் பிராசஸர் அதை ஜேபெக் ஆக்கும்போது போடுகிற கணக்கிலிருந்தும். நீங்க ரீல்ஸில் பார்த்து மயங்குகிற அந்த 'லுக்'கில் பெரும்பங்கு ஃபிளாஷுக்குச் சேர வேண்டியது. முகம் பளிச்சென்று, பின்னால் இருட்டு, கண்ணில் சிவப்பு. செனான் ஃபிளாஷ் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக எரிந்து அணைகிறது. அந்த நேரத்துக்குள் யாரும் அசைய முடியாது. அதனால்தான் டான்ஸ் ஆடுகிறவன் காற்றில் அப்படியே நிற்கிறான். போனில் இருப்பது எல்இடி. அது டார்ச், ஃபிளாஷ் இல்லை. இதைத் தெரிந்துகொண்டால் 'ஒரிஜினல் சிசிடி' என்று இரண்டு மடங்கு விலை சொல்பவரிடம் நின்று பேச வேண்டிய அவசியம் இருக்காது.

சரி, என் காரணத்துக்கு வருகிறேன். அது முகம்.

நம்ம டிபார்ட்மெண்ட் குரூப் போட்டோவைப் போனில் எடுத்தது ஒன்று, கேமராவில் எடுத்தது ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. சாதாரணமாகப் பார்த்தால் போன் படம்தான் அழகு. வானம் நீலமாக, புல் பச்சையாக, எல்லாரும் பளபளவென்று. இப்போ ஒவ்வொரு முகமாகப் பெரிதாக்கிப் பாருங்க. நெற்றியில் இருந்த தழும்பு எங்கே? முகப்பரு எங்கே? போன வாரம் கபடியில் விழுந்து கன்னத்தில் வாங்கின சிராய்ப்பு எங்கே? முக்கியமாக, நிறம் எங்கே? நம்மில் பாதிப் பேர் கறுப்பு. மாநிறம், கருமை, நல்ல கருமை என்று வரிசையாக நிற்கிறோம். பல போன்களில் முன்கேமராவைத் திறந்த உடனேயே பியூட்டி மோடு ஆன் ஆகித்தான் இருக்கிறது. சிலவற்றில் அதை ஆஃப் பண்ணியும் தோல் வழவழப்பாகவே வருகிறது. வழவழப்பாக்குவதோடு நிறத்தையும் ஒரு படி ஏற்றிவிடுகிறது. அனுமதி கேட்கவில்லை. "உன் முகம் இப்படி இருந்தால்தான் நல்லா இருக்கும்" என்று யாரோ முன்கூட்டியே முடிவு செய்து உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதைச் சாதாரண விஷயம் என்று தள்ளாதீங்க. சிவப்பழகு கிரீம் விளம்பரம் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்கிற அந்த 'இருந்தாலும்' நம்ம வீட்டு ஹாலிலேயே கேட்டது. இப்போ அதே வேலையை, சத்தம் போடாமல், ஒவ்வொரு படத்திலும் ஒரு சாஃப்ட்வேர் செய்கிறது. நாலு வருஷம் கழித்து இந்தப் படங்கள்தான் மிஞ்சும். அதில் இருப்பது நாமா, நம்மை மாதிரி யாரோவா?

பழைய கேமரா ரொம்ப யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஃபிலிம் காலத்திலேயே இந்தச் சங்கடம் இருந்தது. கோடாக் லேப்களில் நிறம் சரிபார்க்க 'ஷெர்லி கார்டு' என்று ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் வைத்திருந்தார்கள். அவர் முகம் சரியாக வந்தால் எல்லார் முகமும் சரி என்று கணக்கு. டிஜிட்டல் கேமராவும் ஜேபெக் ஆக்கும்போது நிறத்தில் கை வைக்கத்தான் செய்கிறது. அந்தக் காலத்துக் கேனன் மாடல்கள் சிலவற்றின் மெனுவில் 'லைட்டர் ஸ்கின் டோன்' என்றே ஒரு வசதி உண்டு. ஆனால் கவனியுங்க: பக்கத்திலேயே 'டார்க்கர் ஸ்கின் டோன்' என்பதும் இருந்தது. இரண்டும் பெயரோடு மெனுவில் இருந்தன. நாமே போய் ஆன் செய்தால்தான் வேலை செய்யும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் நான் கேமரா பக்கம் நிற்கிறேன். இது தப்பு செய்யும், ஆனால் அதை நான் பார்த்துத் திருத்த முடிகிற இடத்தில் வைத்துச் செய்யும்.

எப்படித் திருத்துவது? கேமராவின் லைட் மீட்டர் கொஞ்சம் முட்டாள். எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் கறுப்பான நண்பனை நிறுத்தினால் சுவரைப் பார்த்து பயந்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் நிழலாகிவிடும். கறுப்பு முகம் ஃப்ரேம் நிறைய இருந்தால் வெளிச்சத்தைக் கூட்டி முகத்தை வெளுக்க வைத்துவிடும். ஏ570-ல் ஃபங்ஷன் பட்டனை அழுத்தினால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் வரும். முதல் கேஸுக்கு ஒன்றோ இரண்டோ படி ப்ளஸ், இரண்டாவதற்கு மைனஸ். அவ்வளவுதான். டியூப்லைட் கீழே பச்சை அடித்தால் கஸ்டம் ஒயிட் பேலன்ஸில் போய், ரெக்கார்டு நோட்டின் வெள்ளைப் பக்கத்தைக் காட்டி, "இதுதான் வெள்ளை" என்று சொல்லிக்கொடுங்க. ரெக்கார்டு நோட்டுக்கு இப்படியாவது ஒரு பிரயோஜனம். ஒரு வாரத்தில் கை தானாகப் போகும். மீட்டர் ஏன் இப்படி முடிவு செய்தது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவீங்க. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் கிளாஸில் ஃபீட்பேக், ரெஃபரன்ஸ் என்று போர்டில் எழுதியபோது வராத புரிதல் எனக்கு இங்கேதான் வந்தது.

தினசரி உபயோகத்துக்கு இன்னும் சில விஷயங்களில் இந்தச் சின்ன கேமரா நல்ல துணை. மெசேஜ் வராது. படம் எடுக்க வெளியே எடுத்தவர் நோட்டிஃபிகேஷன் பார்த்துவிட்டு, ரீல்ஸில் நுழைந்து, பஸ் ஸ்டாப்பைக் கோட்டைவிடுகிற கதை இதில் நடக்காது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் எடுக்கலாம், மணிக்கட்டில் கயிறு இருக்கிறது, விழாது. வெயிலில் திரை தெரியாவிட்டால் வியூஃபைண்டர் இருக்கிறது. ஓரம் கொஞ்சம் கூடக்குறைய வரும், பரவாயில்லை. கேண்டீனில் போனை நீட்டினால் எல்லாரும் உடனே போஸ் கொடுக்கிறார்கள். இதை நீட்டினால் முதலில் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு போதுமே. ஒரே ஒரு பழக்கம் மட்டும் வர வேண்டும்: பட்டனைப் பாதி அழுத்திக் காத்திருப்பது. அப்போதுதான் ஃபோகஸ், எக்ஸ்போஷர் இரண்டும் பூட்டிக்கொள்ளும். பிறகு சரியான நேரம் பார்த்து மீதியை அழுத்தினால் படம் உடனே விழும். "பழைய கேமரா ஸ்லோ" என்று புலம்புகிற பலர் பாதி அழுத்தத் தெரியாமல் ஒரே அழுத்தாக அழுத்துகிறவர்கள்தான்.

செல் விஷயம்: சாதாரண பென்சில் செல்லைப் போட்டுவிட்டு, 'கேமரா போச்சு' என்று தூக்கி வைத்துவிடாதீங்க. சுவர்க்கடிகாரத்துக்குப் போடுகிற செல்லால் லென்ஸை வெளியே தள்ளுகிற அளவுக்கு கரண்ட் தர முடியாது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜபிள் செல் நாலு, ஒரு சார்ஜர். இது போதும். தனி பேட்டரி போடுகிற மாடல் என்றால், அந்த பேட்டரி இப்போ கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு மற்றதைப் பேசுவோம். கார்டும் அப்படித்தான். ஏ570 எஸ்டிஹெச்சி வரை படிக்கும், அந்த வகை 32 ஜிபியோடு முடிகிறது. 4 ஜிபி கார்டே ஆயிரம் படத்தைத் தாங்கும். 64 ஜிபி கார்டை வாங்கிச் செருகிவிட்டு கேமராவைத் திட்டக் கூடாது. பழைய ஒலிம்பஸ், ஃபியூஜி என்றால் எக்ஸ்டி கார்டு, பழைய சோனி என்றால் மெமரி ஸ்டிக். கார்டைத் தேடி வாங்குவதற்குள் கேமரா ஆசையே போய்விடும். பழைய கார்டு உள்ளேயே இருந்தால் ஃபார்மேட் பண்ணுகிற வேலையே வேண்டாம், முதலில் மொத்தத்தையும் லேப்டாப்பில் காப்பி பண்ணுங்க. தாத்தா அதில் இருக்கலாம்.

இவ்வளவு சொல்லியும் ஒருவர் செகண்ட் ஹேண்டில் வாங்கியே தீருவேன் என்றால், நேரில் பார்க்காமல் காசு அனுப்பாதீங்க. நேரில் போகும்போது உங்க செல், உங்க கார்டு இரண்டையும் கொண்டு போங்க. ஆன் செய்து ஆஃப் செய்து பத்து தடவை பாருங்க. லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்று சத்தம் வந்தால் மெரினா மணல் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். செல் போடும் இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா பாருங்க. வெளுத்த வானத்தை ஒரு படம் எடுங்க, தூசி இருந்தால் புள்ளியாகத் தெரியும். சுவரில் ஒட்டிய பேப்பரை நேராக எடுங்க, நாலு மூலையும் ஒரே கூர்மையா? லென்ஸைக் கையால் மூடி நீண்ட எக்ஸ்போஷரில் ஒன்று எடுங்க, கறுப்பில் நட்சத்திரம் மாதிரி மின்னுகிறவை கெட்டுப்போன பிக்ஸல்கள். ஃபிளாஷ் அடித்துவிட்டு அடுத்த ஃபிளாஷ் தயாராக எத்தனை நொடி என்று எண்ணுங்க. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்க, சிலந்தி வலை மாதிரி ஏதாவது ஓடினால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் பூட்டி வைத்த கேமராவில் இது சகஜம். 2002 முதல் 2004 வரை வந்த பல கம்பெனி கேமராக்களில் இருந்த சிசிடி சிப்களுக்கு வேறொரு வியாதி உண்டு. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்தால் உள் இணைப்பு விட்டுப்போய், படம் ஊதா நிறமாகக் கலங்கிவிடும், இல்லையென்றால் முழுக்கக் கறுப்பாகும். 2005-ல் கம்பெனிகளே ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்து இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. இப்போ யார் கொடுப்பார்கள்? அந்த வருஷத்து மாடல் பக்கமே போகாதீங்க.

புது கேமரா என்று ஆன்லைனில் குறைந்த விலைக்கு வருகிறதே, '48 எம்பி, 4கே, 16 எக்ஸ் ஜூம்' என்று பெயர் தெரியாத ரகம், அதைப் பற்றி இரண்டே வரி. அந்த 16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம், அதாவது படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. பலவற்றில் லென்ஸ் நகராது, ஃபோகஸ் மாறாது, 48 மெகாபிக்ஸல் என்பது சின்னப் படத்தை இழுத்து ஊதிய எண். என் ரூம்மேட் வாங்கினான். இப்போ அது எங்கள் ரூமில் பேப்பர் பறக்காமல் இருக்க உதவுகிறது.

கேனன் கிடைத்தவர்களுக்கு ஒரு போனஸ். சிஹெச்டிகே என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதியது. பழைய பவர்ஷாட், இக்சஸ் மாடல்கள் பலவற்றில் ஓடும், ஏ570-லும் ஓடும். எஸ்டி கார்டிலிருந்து ஏறி வேலை செய்கிறது, கேமராவின் சொந்த ஃபர்ம்வேரை மாற்றி எழுதுவதில்லை. கார்டைக் கழற்றினால் பழைய கேமரா. இதைப் போட்டதும் அதுவரை ஜேபெக் மட்டுமே தந்த கேமரா ரா ஃபைல் தருகிறது. எடுப்பதற்கு முன்பே ஹிஸ்டோகிராம் காட்டுகிறது. லூவா மொழியில் நாமே ஸ்கிரிப்ட் எழுதி, 'பத்து நொடிக்கு ஒரு படம்', 'எதிரில் ஏதாவது அசைந்தால் படம்' என்று சொல்லி வைக்கலாம். 2009-ல் எம்ஐடி மாணவர்கள் ஒரு கேனன் ஏ470-ல் இதை ஏற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, வானிலை பலூனில் கட்டி, சுமார் 28 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பி, பூமியின் வளைவைப் படம் எடுத்துத் திரும்பக் கொண்டு வந்தார்கள். மொத்தச் செலவு 150 டாலர் அளவுதான். நம்ம மினி பிராஜெக்ட் டைட்டில்கள் வருஷா வருஷம் எப்படி இருக்கின்றன என்று நான் சொல்ல வேண்டாம். உங்க வீட்டு பீரோவில் ஒரு பிராஜெக்ட் ஐடியாவும் சேர்ந்தே தூங்குகிறது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன். பலூன் விடுவதற்கு முன் அனுமதி வாங்க வேண்டும், அதையும் சேர்த்தே சொல்கிறேன், பிறகு எடிட்டர் குழுவைக் கூப்பிட்டு விசாரிக்கக் கூடாது.

மொத்தத்தில் கேமராவை எடை போட எனக்கு இப்போ ஒரே ஒரு சோதனைதான். உங்க ஃபிரெண்ட்ஸில் நல்ல நிறம் ஒருவர், மாநிறம் ஒருவர், நல்ல கறுப்பு ஒருவர், மூன்று பேரையும் தோள் மேல் கை போட்டு நிற்க வையுங்க. மதியம் வேப்பமரத்தடியில் ஒன்று, சாயங்காலம் ஹாஸ்டல் காரிடாரில் ஒன்று, ராத்திரி டீக்கடையில் ஃபிளாஷ் போட்டு ஒன்று. போனிலும் எடுங்க, கேமராவிலும் எடுங்க. பிறகு படத்தில் இருக்கிற மூன்று பேரிடமே கொடுத்து, "எதுல நீ நீயா இருக்க?" என்று கேளுங்க. போனைக் காட்டினால் போனையே வைத்துக்கொள்ளுங்க, எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நான் எங்கள் விங்கில் இதைச் செய்தபோது, காரிடார் படத்தில் மூவரும் போனைத்தான் காட்டினார்கள். இருட்டில் கேமரா தோற்றது. வேப்பமரத்தடிப் படத்தில் இரண்டு பேர் கேமராவைக் காட்டினார்கள். மூன்றாமவன், நல்ல கறுப்பு, போன் படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு மச்சி, ஆனா எங்க அம்மாவுக்கு யாருன்னு தெரியாது" என்றான்.

அடுத்த இதழின் புகைப்படப் பக்கத்துக்கு இந்த மூன்று படங்களில் ஏதாவது ஒன்றை அனுப்புங்க. எந்தக் கேமரா என்று எழுத வேண்டாம், ஃபில்டர் மட்டும் வேண்டாம். படத்தில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்க. வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்க, இல்லையென்றால் அது ஒருமுறை சுருக்கிவிடும்.